ஆட்டுக்கு நாலாயிரம்

ஆடு செத்தால் 4,000 ரூபாய். பசுவோ எருதோ செத்தால் 37,500. குடிசை போனால் 8,000. வலை போனால் 15,000. வலையோடு கட்டுமரமும் சேர்ந்து முழுசாகப் போனால் 50,000. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் ஓய்ந்த கையோடு தமிழ்நாடு அரசு உயர்த்தி அறிவித்த நிவாரணத் தொகைகள் இவை. பாதிக்கப்பட்ட வீட்டுக்கு 6,000 ரொக்கம் தனி. இதைக் குறை சொல்ல நான் வரவில்லை. அந்தப் பணத்தில் எத்தனை வீட்டில் உலை கொதித்தது என்பது கரையோர ஜனங்களுக்குத் தெரியும்.

ஆனால் பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்தேன். பிறகு கீழிருந்து மேலாகப் படித்தேன். ஒன்றைக் காணோம். சரி, மத்திய அரசாவது யோசித்திருக்கும் என்று அவர்களுடைய பேரிடர் நிவாரண விதிமுறையையும் பார்த்தேன். அதில் கைக்கு, காலுக்கு, கண்ணுக்கெல்லாம் விலை இருக்கிறது. ஊனம் 40 முதல் 60 சதவீதம் வரை என்றால் 74,000. அதற்கு மேல் என்றால் இரண்டரை லட்சம். கண் வரைக்கும் வந்த அரசாங்கத்தின் கை, அதற்கு இரண்டு அங்குலம் பின்னால் இருக்கிற மூளைக்கு மட்டும் போகவில்லை. சுனாமியும் புயலும் படகு கவிழ்வதும் மனிதனுக்குள்ளே புகுந்து எதை உடைத்துவிட்டுப் போகின்றன என்று கேட்கிற கட்டமே எந்தப் படிவத்திலும் கிடையாது. கட்டம் இல்லாத சேதம் சேதமே இல்லை என்பது நம் வருவாய்த்துறையின் அத்வைதம்.

சும்மா குறை சொல்லிக்கொண்டிருந்தால் ஆகுமா? பழவேற்காட்டுக் குப்பங்களுக்காக ஒரு வரைவு எழுதி வைத்திருக்கிறேன். எந்த அதிகாரி வேண்டுமானாலும் தன் பெயரில் போட்டுக்கொள்ளலாம்.

மனச் சேதம் இரு வகைப்படும்: பகுதிச் சேதம், முழுச் சேதம். ராத்திரி இரண்டு மணிக்குத் தொழிலுக்குக் கிளம்பி, பைபர் படகைத் தள்ளி, முகத்துவாரம் வரைக்கும் போய், அங்கே அலையின் வெள்ளையைப் பார்த்ததும் கை நடுங்கி, ‘இன்ஜின் சரியில்ல’ என்று கூட வந்தவனிடம் பொய் சொல்லித் திரும்புகிறவருக்குப் பகுதிச் சேதம். கிளம்பவே கிளம்பாமல் திண்ணையில் பீடியோடு உட்கார்ந்து, ‘இன்னாத்துக்கு இப்டி குந்திக்கினே கீற’ என்று பெண்சாதி கத்தும்போது மட்டும் நிமிர்ந்து பார்க்கிறவருக்கு முழுச் சேதம். பிள்ளைகளுக்குத் தனி விகிதம். வானம் இருட்டினால் பள்ளிக்கூடப் பையோடு கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்கிற பிள்ளைக்கு ஆட்டு விலையே கொடுக்கலாம். ஆடு பரீட்சை எழுதுவதில்லை என்பதால் ஐந்நூறு ரூபாய் கூட்டிக் கொடுத்தாலும் தப்பில்லை.

இணைக்க வேண்டியவை: ரேஷன் கார்டு, ஆதார், பேங்க் பாஸ்புக்கின் முதல் பக்கம், சேதத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த மனத்தின் பாஸ்போர்ட் அளவு போட்டோ இரண்டு. மனுதாரருக்கு வரும் கெட்ட கனவு மேற்படி முகவரியில்தான் வருகிறது என்று கிராம நிர்வாக அலுவலர் நேரில் பார்த்துச் சான்று அளிக்க வேண்டும். பழவேற்காடு ஏரி இரண்டு மாநிலத்துக்குச் சொந்தம் என்பதால், கனவு ஆந்திர எல்லைக்குள் நிகழ்ந்தால் மனு சூளூர்ப்பேட்டைக்கு அனுப்பப்படும். சம்பவம் நடந்த 30 நாளுக்குள் பயந்திருக்க வேண்டும். தாமதமாகப் பயந்தவர்களின் மனு பரிசீலிக்கப்படாது.

கடைசி விதியை நான் இட்டுக்கட்டியதாக நினைக்காதீர்கள். நடப்பு அதுதான். நிவாரண முகாம், மருத்துவ முகாம், அமைச்சர் வருகை, டிவி வேன் எல்லாம் ஒரு மாதத்துக்குள் மூட்டை கட்டிவிடும். மனநல மருத்துவத்தில் அதிர்ச்சிக்குப் பிந்தைய இந்த மனக் கோளாறுக்குப் பெயர் வைப்பதோ ஒரு மாதம் கழிந்த பிறகுதான். முதல் சில வாரங்களில் எல்லோரும்தான் ஆடிப்போயிருப்பார்கள். தூக்கம் வராது, சோறு இறங்காது, சின்ன சத்தத்துக்கும் தூக்கிவாரிப்போடும். அது நோயில்லை. தலைக்கு மேல் கூரையும் கைக்கு வேலையும் பக்கத்தில் சொந்தபந்தமும் இருந்தால் பெரும்பாலானோர் தாமாகவே தேறிவிடுவார்கள். ஒரு பகுதியினர் தேறுவதில்லை. அவர்களுக்கு அன்று நடந்தது நேற்றைய சங்கதியாக மாறுவதே இல்லை. டீசல் வாசனையிலும் ஈரத்துணி வாசனையிலும் இன்றைக்கே நடப்பதாகத் திரும்பத் திரும்ப வரும். அதனால் அந்த இடத்தை, அந்தப் பேச்சை, அந்த ஆளைத் தவிர்ப்பார்கள். பெற்ற பிள்ளையிடம்கூட ஒட்டுதல் போய்விடும். எதற்கெடுத்தாலும் எரிச்சல் வரும். சிலருக்கு ஆறு மாதம் கழித்துத்தான் முழு வேகத்தில் ஆரம்பிக்கும். அப்போது முகாம் போட்ட பந்தல்காரர் வாடகையும் வாங்கிக்கொண்டு போய்ப் பல மாதம் ஆகியிருக்கும்.

இந்த நோய்க்குப் புத்தகத்தில் இடம் கிடைத்த கதையும் ரசமானது. அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1980-இல்தான் இதைத் தங்கள் நோய்ப் பட்டியலில் சேர்த்தார்கள். வியட்நாமிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் போராடி வாங்கியது அது. குண்டு போட்டவனின் தூக்கத்துக்கு ஒரு பெயர் கிடைக்கவே அத்தனை பாடு என்றால், குண்டு விழுந்த ஊர்க்காரனின் தூக்கத்தை யார் விசாரிப்பது? யாழ்ப்பாணத்தில் போருக்கு நடுவே இருந்து வைத்தியம் பார்த்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் விசாரித்தார். உடைவது தனி மனிதர்கள் மட்டுமில்லை, குடும்பமும் ஊரும் ஒருவரையொருவர் நம்புகிற பழக்கமும் சேர்ந்தே உடைகிறது என்று எழுதினார். கூட்டு மனவடு என்று அவர் சொன்னதை நம் கடற்கரைக்கும் எடுத்துவந்து படித்திருக்கலாம். பாக் நீரிணையில் மீனுக்குச் சண்டை போடத் தெரிந்த நமக்கு அதற்கு நேரமில்லை.

குப்பத்து ஜனங்களுக்கு இதெல்லாம் தெரியாது என்று எவரும் கிளம்பிவிட வேண்டாம். ‘பயந்துட்டான்’ என்பார்கள். அம்மன் கோயிலில் வேப்பிலை அடிப்பார்கள், தர்காவில் ஓதித் தாயத்துக் கட்டுவார்கள், மகிமை மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். ஒரே ஆள் மூன்று இடத்துக்கும் போவதும் உண்டு. அதில் நோய் தீருமா என்பது வேறு பேச்சு. ஆனால் மந்திரிக்கிறவர் முதலில் கேட்கும் கேள்வி ‘எப்போலேருந்து?’ என்பது. அடுத்த கேள்வி, ‘எதப் பாத்து?’ என்பது. கையில் ஸ்டெதஸ்கோப்போ சீலோ வைத்திருக்கிற எத்தனை பேர் இந்த இரண்டு கேள்விகளையும் கேட்டிருக்கிறார்கள்?

எதைப் பார்த்து என்று கேட்டால் பழவேற்காட்டில் பதில் டிசம்பரில் ஆரம்பிக்கும். 2004 டிசம்பர் 26, சுனாமி. நாகை மாவட்டத்தில் ஆறாயிரம் பேர் போனார்கள். திருவள்ளூர் மாவட்டத்தில் எண்ணிக்கை முப்பதைத் தாண்டவில்லை. கேமராக்கள் எல்லாம் தெற்கே திரும்பின. செத்தவர் தொகை போதாததால் பழவேற்காடு பரீட்சையில் பெயில். கடல் வீட்டுக்குள் வந்து போனதைப் பார்த்தவர்கள் செத்தவர்கள் கணக்கில் வரமாட்டார்கள் அல்லவா. பிறகு 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ். விடுமுறைக்கு வந்தவர்களை ஏற்றிக்கொண்டு போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதற்கு அரசு எழுதிய மருந்துச் சீட்டு ஒரே வரி: படகுச் சவாரிக்குத் தடை. தண்ணீருக்குள்ளிருந்து ஒரு பிள்ளையை இழுத்துக் கரையில் போடுகிற கைக்கு அன்று ராத்திரி சோறு இறங்குமா, அடுத்த வாரம் அதே நீரில் வலை வீச வருமா என்பதற்கு மருந்துச் சீட்டில் இடமில்லை. 2015 டிசம்பர், வெள்ளம். 2016 டிசம்பர் 12, வர்தா. 2023 டிசம்பர், மிக்ஜாம். அந்த வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் பரவிய எண்ணெய். அதே மாதம் 26-ஆம் தேதி, சுனாமியின் நினைவு நாளன்று நள்ளிரவில், எண்ணூர் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலைக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, தூக்கத்திலிருந்த ஜனங்கள் வாயைப் பொத்திக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். தெற்கே இருக்கிற குப்பத்தில் நடந்தது, வடக்கே இருக்கிறவன் உடம்பிலும் ஏறும். சொந்தக்காரர்கள் இல்லையா?

தேதி நெருங்கினாலே உடம்பு தானாக நினைவுகூரும். காரணம் தெரியாமல் நெஞ்சு அடிக்கும், கோபம் வரும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அந்த நாளில் நாம் என்ன செய்கிறோம்? கடலுக்குப் பால் ஊற்றுகிறோம். பூத் தூவுகிறோம். பால் ஊற்ற வந்த பிரமுகர் கார் ஏறும் வரைக்கும் கரையில் ஒரு கிழவி அழுதுகொண்டிருக்க வேண்டும் என்பது போட்டோகிராபருக்குத் தெரியும். கார் போன பிறகு அவள் என்ன செய்தாள் என்பதற்குப் படம் இல்லை.

உதவியே வரவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். 2004-க்குப் பிறகு வந்தது. பெங்களூர் நிமான்ஸ் நிறுவனம் கையேடு போட்டது, களப்பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தது, நல்ல வேலை. அந்தச் சாக்கில் வேறொரு படையும் தமிழகக் கடற்கரையில் இறங்கியது. காலையில் வேனில் வருவார்கள். பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து, கிரயான் கொடுத்து, ‘அலை எப்படி வந்துச்சு, வரைஞ்சு காட்டு’ என்பார்கள். பெரியவர்களை உட்கார வைத்து, ‘மனசுல உள்ளத எல்லாம் கொட்டிடுங்க’ என்பார்கள். கொட்டியதும் நன்றி சொல்லி வேனில் ஏறிவிடுவார்கள். கொட்டியதை யார் அள்ளுவது? இலங்கையிலும் இதே கூத்து நடந்தது. அமெரிக்கப் பத்திரிகையாளர் ஈதன் வாட்டர்ஸ் 2010-இல் வெளியிட்ட புத்தகத்தில் ஓர் அத்தியாயமே அதைப் பற்றி இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், சம்பவம் நடந்த சூட்டோடு ஆளைப் பிடித்து ஒரே அமர்வில் எல்லாவற்றையும் பேச வைப்பதால் பலனில்லை, சிலருக்குக் கெடுதலும் ஆகலாம் என்று காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 2002-லேயே சொல்லிவிட்டது. சுனாமிக்கு இரண்டு வருஷம் முன்னால். அலையாவது சொல்லாமல் வந்தது. இந்தத் தகவல் சொல்லிவிட்டு வந்திருந்தது.

இன்னொரு வைத்தியத்தையும் மறக்கக் கூடாது. சுனாமியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த, ஏற்கெனவே குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்ட தாய்மாருக்கு, வெட்டிய குழாயை மறுபடி இணைக்கும் அறுவை சிகிச்சையை அரசு இலவசமாகச் செய்து கொடுத்தது. தனியாரிடம் போனால் 25,000 ரூபாய் வரை தருவதாகவும் சொன்னது. அதை விரும்பிக் கேட்ட பெண்கள் உண்டு. அவர்களைப் பற்றி ஒரு சொல் சொல்ல எனக்கு வாய் வராது. என் எரிச்சல் அரசு இயந்திரத்தின் மீது. போன வலைக்குப் புது வலை, போன படகுக்குப் புதுப் படகு, போன பிள்ளைக்குப் புதுப் பிள்ளை. சாமான் கணக்கு நேராகிவிட்டது. அந்தத் தாய் ராத்திரி எதைப் பார்த்து எழுந்து உட்காருகிறாள் என்று கேட்க ஒரு ஆளை, ஒரு வருஷத்துக்கு, அதே தெருவுக்கு அனுப்ப மட்டும் முடியவில்லை.

முடியாத காரியமும் இல்லை. சென்னையில் சிநேகா தற்கொலைத் தடுப்பு மையத்தை 1986-இல் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவருடைய குழுவும் சுனாமிக்குப் பிறகு பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் அதைத்தான் செய்து பார்த்தார்கள். இழவு விழுந்த வீடுகளுக்குப் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் திரும்பத் திரும்பப் போனார்கள். புத்தி சொல்லவில்லை. உட்கார்ந்து கேட்டார்கள். அப்படி யாரும் போகாத காசிமேட்டுக்காரர்களோடு பிறகு ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஆள் போன வீடுகளில் மனச்சோர்வு குறைந்திருந்தது. ஆய்வு 2008-இல் அச்சேறியது. இதற்குக் கட்டடம் வேண்டாம், ஏசி வேண்டாம். கோட்டைக்குப்பத்திலும் லைட் ஹவுஸ் குப்பத்திலும் நடுக்குப்பத்திலும் படித்த பெண்கள் இருக்கிறார்கள். பயிற்சி கொடுத்து, சம்பளம் கொடுத்து, மேலே ஒரு மருத்துவரோடு இணைத்துவிட்டால் முடிந்தது. ஏன் நடக்கவில்லை என்று என்னைக் கேட்டால், இதில் டெண்டர் விட ஒன்றுமில்லை. பொறுமையாகக் கேட்பதற்கு சிமெண்ட் தேவைப்படுவதில்லை.

அதற்காக அரசு கைகட்டிச் சும்மா இருந்தது என்று பேசுவது அநியாயம். 2003 முதல் அரசே நேரடியாக நடத்தும் மனநல நிலையம் ஊர் ஊராக இருக்கிறது. பகல் 12 மணிக்குத் திறந்து ராத்திரி 10 மணிக்கு மூடுவார்கள். டோக்கன் வேண்டாம், ஓபி சீட்டு வேண்டாம், பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன் போ என்று யாரும் விரட்டமாட்டார்கள். மருந்து ஒருநாளும் ஸ்டாக் தீர்ந்துபோகாது. குவார்ட்டர் உள்ளே போனால் அலைச் சத்தம் நாலு மணி நேரம் கேட்காது. இந்த வைத்தியத்தின் பெயர் டாஸ்மாக். முதலில் தூங்குவதற்காகக் குடித்தவன், பிறகு குடிக்காமல் தூங்க முடியாதவனாகிறான். அப்புறம் நாம் எல்லோரும் நியாயம் பேச உட்காருகிறோம்: ‘நிவாரணப் பணத்த எல்லாம் குடிச்சே அழிச்சிட்டானுங்க சார்.’ நோயை விட்டுவிட்டு நோயாளியின் கை நடுக்கத்தைத் திட்டுவதில் நமக்கு ஈடு இணை கிடையாது. 2015-16 தேசிய மனநல ஆய்வு சொன்னது: மனநோய் உள்ளவர்களில் ஏறத்தாழ எண்பது சதவீதம் பேருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை. அரசுக்குச் சொந்தமான சிகிச்சையகமான டாஸ்மாக்கைச் சேர்த்துக்கொண்டால் இந்த எண் வெகுவாகக் குறையும். நம்மூர் ஆண்களில் பலர் தினப்படி நோயாளிகள்.

பெண்களுக்கு அந்த வசதியும் இல்லை. ஏரியில் கையால் இறால் தடவுகிற இருளர் பெண்ணைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். இடுப்பளவு, சில இடத்தில் மார்பளவு தண்ணீர். ஓலையில் பின்னிய பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி, விரலில் இறால் தட்டியதும் அமுக்கிப் பிடித்து, தலையை ஆட்டாமல் பறிக்குள் போடுவார். வாய் பறியைப் பிடித்திருப்பதால் கத்தக்கூட முடியாது. நாளெல்லாம் நின்றால் உள்ளங்கால் வெளுத்து ஊறிப்போகும். இவரிடம் படகு இல்லை, வலையும் இல்லை. ஆகவே புயல் வந்தால் பட்டியல்படி இவருக்குத் தொழில் சேதமும் இல்லை. இந்தப் பெண்ணுக்குத் தண்ணீரைக் கண்டு பயம் வந்துவிட்டால் என்ன செய்வார்? பயத்தோடு இறங்குவார். ‘தலவலி, கை காலெல்லாம் கொடையுது, தூக்கம் வரல’ என்று ஆஸ்பத்திரியில் போய் நிற்பார். நம் ஜனங்களுக்கு மனத்தின் அடி உடம்பு வலியாகத்தான் வாய் திறக்கும். இரண்டு நிமிஷத்தில் வலி மாத்திரையும் தூக்க மாத்திரையும் வரும், ‘டென்ஷன் ஆவாதம்மா’ என்கிற அருள்வாக்கோடு. டயஸிபாம் வகையைச் சேர்ந்த மாத்திரைகளை அதிர்ச்சிக்குப் பிந்தைய முதல் மாதத் தொல்லைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013-இல் சொன்னது. சொன்னவர்கள் ஜெனீவாவில் இருக்கிறார்கள். அங்கே ஓபி வரிசை குறைவு.

பாதுகாப்பு என்றால் என்னவென்று அறியாத ஊருமில்லை பழவேற்காடு. டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தைப் போய்ப் பாருங்கள். வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள், சுற்றி மதில், தொல்லியல் துறையின் பலகை, சேதப்படுத்தினால் சட்டப்படி தண்டனை. 1613-இல் இங்கே கெல்ட்ரியா கோட்டை கட்டி, ஆயிரக்கணக்கான நம் ஜனங்களை அடிமைகளாகக் கப்பலேற்றி விற்றவர்களின் எலும்புக்கு இவ்வளவு மரியாதை. உயிரோடு இருப்பவர் இந்தச் சலுகையைக் கோர, முதலில் செத்து முந்நூறு வருஷம் காத்திருக்க வேண்டும் போலிருக்கிறது.

ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. 1969-இல் ராக்கெட் தளத்துக்கு இடம் தேர்வாகி, தீவில் இருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். ராக்கெட் விடுகிற நாளில் மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது. 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 கிளம்பியபோது தேசமே கை தட்டியது, நானும்தான் தட்டினேன். அடிவயிற்றில் இடிக்கிற அந்தச் சத்தத்தில், ஏற்கெனவே ஒருமுறை உலகம் இடிந்து பார்த்தவன் என்ன ஆகிறான் என்று அளந்து பார்க்க எந்தக் கருவியும் அனுப்பப்படவில்லை. நிலாவின் மண் வெப்பத்தை அளக்க அனுப்பினோம். ஹைதராபாத்தில் 2007 முதல் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் இயங்குகிறது. கடலின் மனநிலையை அறிய இவ்வளவு ஏற்பாடு.

இன்னும் ஒன்று இருக்கிறது; இதுதான் எல்லாவற்றையும்விட வயிறெரிய வைக்கிறது. மனவடுவுக்கு வைத்தியம் தொடங்க முதல் நிபந்தனை, அடி நிற்க வேண்டும். ஆபத்து முடிந்துவிட்டது என்று உடம்பு நம்பினால்தான் மற்றதெல்லாம். பழவேற்காட்டில் எது முடிந்திருக்கிறது? முகத்துவாரம் மணலில் மூடிக்கொள்கிறது. திறக்கச் சொல்லி வருஷக்கணக்கில் மனு. தெற்கே அனல்மின் சாம்பல், துறைமுகம், அதற்குப் பக்கத்தில் இன்னொரு துறைமுகம். காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 2018-இல் அதானி குழுமம் வாங்கியது. சுமார் 330 ஏக்கரை 6,100 ஏக்கருக்கு மேல் விரிக்கத் திட்டம் வந்தது. பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் 2021 ஜனவரியில் என்றார்கள், தள்ளிப்போனது. 2023 செப்டம்பர் 5 என்றார்கள், ரத்தானது. ஒவ்வொரு தேதிக்கும் குப்பங்களில் ஊர்க்கூட்டம், கறுப்புக்கொடி, பிள்ளைகள் தூங்காத ராத்திரி. அறுக்கிற கோழியைக்கூட இப்படித் தவணை முறையில் அறுப்பதில்லை. இந்த ஏரியில் யார் எந்த நாளில் எங்கே வலை போடுவது என்று ‘பாடு’ முறை வைத்துத் தலைமுறைகளாகத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டவர்கள், நாளைக்கு ஏரி இருக்குமா என்று எவரிடம் கேட்பது என்றே தெரியாமல் நிற்கிறார்கள். 2006-இன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி காற்று, தண்ணீர், மண், இரைச்சல் எல்லாவற்றையும் அளக்க வேண்டும். பதினைந்து வருஷம் பயந்துகொண்டே இருப்பதால் ஒரு ஊருக்கு என்ன ஆகும் என்ற அத்தியாயம் கட்டாயமில்லை. ஆமை முட்டையை எண்ணுகிறோம். எண்ணத்தான் வேண்டும். ஆமையாவது முட்டையிட்டதும் கடலுக்குப் போய்விடுகிறது.

சட்டத்தில் குறைவில்லை. 2017-இன் மனநலப் பாதுகாப்புச் சட்டம், 18-ஆம் பிரிவு: அரசுச் செலவில் மனநலச் சிகிச்சை பெறுவது உரிமை. சொந்த மாவட்டத்தில் அந்த அரசுச் சேவை இல்லாவிட்டால் அதே மாவட்டத்தில் வேறொரு மனநலச் சேவையைப் பெற்றுக்கொண்டு செலவை அரசிடம் கேட்கலாம். கேட்டுப் பாருங்கள், தயவுசெய்து கேளுங்கள். நாலு பேர் கேட்டால்தான் அப்படி ஒரு பிரிவு இருப்பது அலுவலகத்துக்குத் தெரியவரும். மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று 1996 முதல் நாட்டில் இருக்கிறது. 14416 என்கிற டெலி மனஸ் எண் 2022 அக்டோபர் 10 முதல் இருக்கிறது. காசு கிடையாது, தமிழில் பேசலாம், பெயர் சொல்லாமலும் பேசலாம். 104-க்கும் போடலாம். இதில் நக்கல் ஏதுமில்லை. தூங்காதவர்கள் போடுங்கள், தூங்காதவரின் பெண்சாதியும் போடலாம். இந்த நோய்க்கு நிஜமான வைத்தியம் இருக்கிறது. தேர்ந்த ஒருவரோடு வாரம் ஒருமுறையாகச் சில மாதங்கள், அவசரமில்லாமல், நடந்ததை மெல்ல மெல்லச் சொல்லிச் சொல்லி அதன் விஷத்தை இறக்குவது. தவிர்த்து வந்த இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிப் போவது. தேவைப்பட்டால் மனச்சோர்வுக்கான மாத்திரை. பத்து வருஷம் கழித்து ஆரம்பித்தாலும் குணம் கிடைக்கிறது. குடும்பத்தார் செய்யக்கூடியது, ‘இன்னுமா அதையே நினைச்சுக்கினு கீற’ என்று கேட்காமல் இருப்பது.

ஆனால் வாரம் ஒருமுறை என்றேனே, அங்கேதான் இடிக்கிறது. நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. குப்பத்திலிருந்து பழவேற்காடு வந்து, பொன்னேரியில் பஸ் மாறி, திருவள்ளூருக்கோ கீழ்ப்பாக்கத்துக்கோ போய் வர ஒரு நாள் தொழில் போய்விடும். அந்த ஒரு நாள் கூலிக்கும் பஸ் காசுக்கும் பேரிடர் நிவாரணத்தில் ஒரு கட்டம் போடுங்கள் என்பதுதான் என் வரைவின் உள்ளபடியான கோரிக்கை. சான்றிதழ் சமாச்சாரமெல்லாம் உங்கள் ரசனைக்காகச் சேர்த்தது. ஊருக்கு இரண்டு பயிற்சி பெற்ற பெண்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரத்துக்கு ஒரு நாள் மருத்துவர், புயல் போய் ஆறாவது மாதத்தில் ஒருமுறை, ஒரு வருஷத்தில் ஒருமுறை திரும்பி வந்து விசாரிக்கிற ஏற்பாடு. மொத்தத்தையும் கூட்டினாலும் மணல் மூடாமலிருக்க முகத்துவாரத்தில் கொட்டுகிற கல்லுக்கு லாரி வாடகை ஆகாது.

அடுத்த டிசம்பரில் கணக்கெடுக்க வருகிற அதிகாரிக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுச் சுவரை அளந்து முடித்த பிறகு, ‘எப்போலேருந்து தூங்கலம்மா?’ என்று ஒருமுறை கேளுங்கள் ஐயா. கேட்பதற்கு முன் ஜீப்பை அனுப்பிவிடுங்கள். இரண்டாயிரத்து நாலிலிருந்து ஆரம்பிப்பார்கள். நீங்கள் எழுந்திருக்கும்போது பொன்னேரிக்குக் கடைசி பஸ் போயிருக்கும்.